ரெண்டு ஆறும் ஆறு ரெண்டும்

முட்டைக் கிடங்கில் அந்தப் பெரியவருக்குச் சந்தேகம் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் ரொம்ப காலம் ஆகிறது. பஸ்ஸில் சீட்டு வாங்கினால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று பார்ப்பதற்காகவே மறுபடி திறப்பார். கிடங்குக்கு டீ வந்தால் கோப்பையின் அடியைப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார்.

"தன் நிழலே தன்னை வேவு பாக்குதுன்னு நினைக்கிற ஆளு" என்பான் கோழி. கோழி அவரோடு முட்டை அடுக்குகிறவன். நடக்கும்போது கழுத்தை முன்னும் பின்னும் வெட்டுவான், அதனால் அந்தப் பெயர். வேலை செய்வது முட்டைக் கிடங்கில், பெயர் கோழி. அது அவன் தலையெழுத்து.

பெரியவரைக் குறை சொல்லவும் முடியாது. சிரித்துப் பேசியே காரியம் சாதித்துக்கொண்டவன், கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டே வீட்டை விட்டு வெளியே தள்ளியவன், எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவர் எந்தப் பக்கமும் போகாமல் இருந்துகொண்டார். உலகத்தில் இரண்டே இரண்டை மட்டும் நம்பினார். ஒன்று அவர் முதுகு. சுமை கூடிப்போனால் அது சொல்லிவிடும், பொய் சொல்லாது. இன்னொன்று அவர் மனைவி. அவள் சொல்வதைக்கூட ஒரு ராத்திரி வைத்து ஆறப்போட்டுத்தான் நம்புவார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எண்களைப் படிப்பார். கூட்டல் வரும். கழித்தல், விரல் மிச்சம் இருந்தால் வரும். பெருக்கல் என்றால் அவர் வாழ்நாளில் பெருக்கியது கிடங்குத் தரையை மட்டும்தான்.

கிடங்கில் வேலை என்னவென்றால், பண்ணையிலிருந்து பெரிய தட்டுகளில் வருகிற முட்டையைச் சின்ன அட்டைப் பெட்டிகளில் மாற்றி, பெட்டிகளை அடுக்கி, லாரியில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்புவது. அட்டைப் பெட்டி இரண்டு அச்சகங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு அச்சகத்துக்காரன் மூடியில் 2 × 6 என்று போட்டிருந்தான். இன்னொருவன் 6 × 2 என்று போட்டிருந்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் ஒருவர்தான்.

பெரியவர் அந்த இரண்டையும் கலக்கவே மாட்டார். 2 × 6 எல்லாம் கதவுப் பக்கம், 6 × 2 எல்லாம் குளிர் அறையின் உள்சுவர்ப் பக்கம் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் முதலாளி இல்லாத நேரத்தில் லாரி வந்து நின்றது. கடைக்காரன் கொடுத்தனுப்பிய சீட்டில் 2 × 6 பெட்டி என்று எழுதியிருந்தது. பெரியவர் கதவுப் பக்கம் இருந்ததை மட்டும் ஏற்றினார். அதோடு கையைத் தட்டிக்கொண்டு நின்றுவிட்டார். டிரைவர் கெஞ்சிப் பார்த்தான், கோழி கத்திப் பார்த்தான். உள்சுவர்ப் பக்கம் யாரையும் விடவில்லை. லாரி பாதி காலியாகக் கிளம்பிப் போனது.

மறுநாள் முதலாளி வந்தார்.

"பெரியவரே, ஏன் பாதி லாரி காலியாப் போச்சு?"

"சீட்டுல ரெண்டு ஆறுன்னு இருந்துச்சு. ரெண்டு ஆறு ஏத்தினேன். உள்ள இருக்கறது ஆறு ரெண்டு. அது வேற சரக்கு."

"ரெண்டும் பன்னெண்டுய்யா."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க."

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"கணக்கு என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

கோழி சிரிப்பை அடக்க முடியாமல் தட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, முட்டைக்குப் பதிலா உங்களைப் பெட்டியில வச்சு அனுப்பிருவேன். வீட்ல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கேட்டுட்டு வாங்க. நாளைக்குப் பதில் தெரிஞ்சா வேலை. தெரியாட்டி நீங்க வர வேண்டாம்."

வேலை போனால் என்ன ஆகும் என்பது பெரியவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரு படுக்கை இருந்தது. அதில் மனைவி இருந்தாள். வயிற்றுக்குள் வந்த நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனி வெட்டவும் ஒட்டவும் ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலி தெரியாமல் இருக்க ஒரு மருந்து. அதைக் கொடுக்க அவர் ஒருவர். பிள்ளை குட்டி கிடையாது.

அன்றைக்கு ஒரு காலிப் பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் இரண்டாவது மாடியில் ஒரு அறை, ஒட்டினாற்போல் சமைக்க ஒரு இடம், எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிற ஒரு ஜன்னல். மனைவி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். உட்கார முடிந்தவரைக்கும் தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சட்டைக்குள்ள என்ன? முட்டை திருட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"பெட்டி. இதுல எத்தனை முட்டைன்னு சொல்லு."

"பன்னெண்டு."

"எண்ணாமயே சொல்ற."

"ரெண்டு வரிசை, வரிசைக்கு ஆறு குழி. எதுக்கு எண்ணணும்?"

"அது ரெண்டு ஆறு. ஆறு ரெண்டுன்னா எத்தனை?"

"அதுவும் பன்னெண்டு."

பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீயும் முதலாளி கட்சியா. இந்தா பாரு, நான் சொல்றதக் கேளு. ரெண்டு பேரு, ஆளுக்கு ஆறு தட்டு தூக்கறான். இன்னொரு பக்கம் ஆறு பேரு, ஆளுக்கு ரெண்டு தட்டு தூக்கறான். ரெண்டும் ஒண்ணா?"

"தட்டு ஒண்ணுதானே."

"தட்டு ஒண்ணு. முதுகைக் கேளு, ஒண்ணுன்னு சொல்லுமா? ஆறு தட்டு தூக்கினவன் அன்னிக்கு ராத்திரி படுக்க மாட்டான். ரெண்டு தட்டு தூக்கினவன் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்குப் போவான்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்தாள்.

"முதுகுக் கணக்கு வேற. நான் சொல்றது முட்டைக் கணக்கு. அலமாரிக்கு மேல என் பித்தான் டப்பா இருக்கும், எடுங்க."

டப்பா வந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பித்தான் போடச் சொன்னாள். போட்டார். பெட்டியை நீளவாக்கில் தன் முன்னால் வைக்கச் சொன்னாள்.

"இப்ப என்ன பாக்கறீங்க?"

"ரெண்டு வரிசை. வரிசைக்கு ஆறு."

"பித்தான் ஒண்ணுகூட எடுக்காதீங்க, ஒண்ணுகூடப் போடாதீங்க. பெட்டிய மட்டும் திருப்புங்க. குறுக்கால."

திருப்பினார்.

"இப்ப?"

பெரியவர் பார்த்தார். பெட்டியை மறுபடி பழையபடி வைத்தார். மறுபடி திருப்பினார். ஆறு வரிசை. வரிசைக்கு இரண்டு. குனிந்து அடியில் பார்த்தார், ஏதாவது விழுந்திருக்கிறதா என்று. எதுவும் விழவில்லை. பித்தான்களை ஒவ்வொன்றாக எண்ணினார். திருப்பிவிட்டு மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவை அவள் கையைத் தூக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தனை தடவை திருப்பினாலும் அதேதான். மனுசன் பொய் சொல்வான், கணக்கு பொய் சொல்லாது."

"எந்த எண்ணுக்கும் இப்படித்தானா? இந்தப் பெட்டிக்கு மட்டுமா?"

"எந்த எண்ணுக்கும். ஏழு ஒம்பதும் ஒம்பது ஏழும் ஒண்ணு. நூறு அஞ்சும் அஞ்சு நூறும் ஒண்ணு. திருப்பினா மாறாது."

அன்று ராத்திரி அதை ஆறப்போட்டார். காலையிலும் அது அப்படியே இருந்தது.

முதலாளியிடம் போய், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "யார் சொன்னது?" என்றார் முதலாளி. "பெட்டி சொல்லுச்சு" என்றார் பெரியவர். வேலை நிலைத்தது. 2 × 6 பெட்டிகளும் 6 × 2 பெட்டிகளும் முதன்முறையாக ஒரே அடுக்கில் ஏறின.

அதற்கப்புறம் அவர் நடத்தையைக் கோழியே நம்பவில்லை. மாதா கோயில் மணியாக இருந்தாலும் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிற மனிதர், புது மதத்தில் சேர்ந்தவர் போல ஆகிவிட்டார். படிக்கட்டின் கம்பி, ஜன்னலின் கண்ணாடி, தரையில் பதித்த கல், எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு தடவை, மறு பக்கம் சாய்த்து ஒரு தடவை பார்ப்பார். பார்த்துவிட்டுத் தனக்குள் தலையாட்டிக்கொள்வார்.

"அண்ணே, கழுத்து பிடிச்சுக்கப் போவுது" என்றான் கோழி. "அப்புறம் கோழிங்கற பட்டத்துக்கு நமக்குள்ள சண்டை வரும்."

"உனக்கு என்னடா தெரியும். இந்த உலகத்துல என்னை ஏமாத்தாதது ஒண்ணு இருக்கு. இத்தனை வயசுக்கு அப்புறம்தான் கண்ணுல பட்டிருக்கு."

"எது?"

"திருப்பினாலும் மாறாதது."



மருந்து விஷயத்துக்கு வர வேண்டும். வாரம் ஒரு முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாள். நடுவயதுக்காரி. வாய்க்குள் கத்தரிக்கோல் வைத்திருப்பவள். மாடிப்படி ஏறும்போதே திட்ட ஆரம்பித்துவிடுவாள். ஜன்னலை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள், போர்வையை ஏன் மாற்றவில்லை, உங்களுக்கு நான் பரிதாபப்படுவதா அந்த அம்மாவுக்குப் பரிதாபப்படுவதா என்று திட்டு ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். பெரியவருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

முதல் நாளே பாட்டிலைக் கையில் கொடுத்து, கோடு போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியையும் கொடுத்தாள்.

"ஒரு வேளைக்கு ரெண்டு கோடு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பகல்லயும் சரி, ராத்திரியிலயும் சரி. அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சு. தெரியும்ல?"

"அதென்ன நாலு மணி நேரம்? அஞ்சு மணி நேரமானா மருந்து கோவிச்சுக்குமா?"

"வலி கோவிச்சுக்கும். கேள்வி கேக்காம செய்யுங்க பெரியவரே."

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தவள் அவள். கேட்டுப் பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தவர் அவர். மனுசனை வரிசையில் நிற்க வைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சோறு இறங்காது, அங்கே நிற்க வைத்தது போதாதென்று வீட்டுக்கும் வந்து நிற்க வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் கொடுத்தார். விடியும்போது ஒரு தடவை. வேலைக்குப் போகும் முன் இரண்டு கோப்பையில் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வைத்துவிடுவார், அவள் நேரம் பார்த்துக் குடித்துக்கொள்வாள். சாயங்காலம் வந்து ஒரு தடவை. அப்புறம் ராத்திரியில் இரண்டு தடவை, கடிகாரம் கத்த, எழுந்து அவளை உலுக்கி எழுப்பி. அவள் நடு ராத்திரியில் எழுந்திருக்க மாட்டாள். எழுப்பாமல் விட்டால் வலியே வந்து எழுப்பும். அப்படி ஒரு முறை விட்டுவிட்டு அவள் பல்லைக் கடித்த சத்தத்தைக் கேட்டார். அதற்கப்புறம் விடவில்லை.

தூக்கம் போனது. வயசான உடம்பு, எத்தனை நாளைக்குத் தாங்கும். நின்றுகொண்டே தூங்கப் பழகினார். தட்டை ஏந்திக்கொண்டே கண் செருகும். ஒரு நாள் கை தளர்ந்து தட்டுகள் போய்விட்டன. சிமெண்டுத் தரையில் மஞ்சள் ஓடியது. முதலாளி ஓடி வந்து பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை.

"பெரியவரே, உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனா முட்டைக்குத் தெரியாதே. இந்த வாரம் பாக்கறேன். இதே மாதிரி இருந்தா வேற ஆளத்தான் போடணும்."

கத்தாமல் சொன்னால் முடிவாகச் சொன்னதாக அர்த்தம் என்று பெரியவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் தரையைக் கழுவிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, காலிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் அதைத் திருப்பினார். ரெண்டு ஆறு. ஆறு ரெண்டு. அப்போதுதான் அது அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் சொல்லாமல், தானே ஒரு கணக்கைப் போட்டார். வேளைக்கு இரண்டு கோடு. ஒரு நாளைக்கு ஆறு வேளை. ரெண்டு ஆறு பன்னிரண்டு. அதைத் திருப்பினால்?

வேளைக்கு ஆறு கோடு. ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஆறு ரெண்டு பன்னிரண்டு.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராத்திரி முழுக்கத் தூக்கம், அவளுக்கும் அவருக்கும். வேலையும் நிற்கும். மருந்தும் ஒரு சொட்டு கூடாது, குறையாது. விரலால் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. பெட்டியில் குழி குழியாக எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது.

"என்ன அண்ணே, முட்டை உடைஞ்ச துக்கத்துல சிரிப்பு வருதா?" என்றான் கோழி.

"போடா. ஒரு வழி கெடைச்சிருக்கு" என்றார். என்ன வழி என்று சொல்லவில்லை. யாருக்கும் எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லியிருந்தால் கோழி என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது யார் கண்டது. அவனுக்கும் படிப்பு அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி விழித்திருந்தாள். மத்தியானக் கோப்பை காலியாக இருந்தது. பெரியவர் குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஆறாவது கோடு வரைக்கும் ஊற்றினார்.

அவள் பார்த்தாள். "என்னங்க, நிறைய இருக்கு."

"நிறைய இல்ல. பெட்டியத் திருப்பியிருக்கேன்."

"எந்தப் பெட்டி?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு படியாக, அவள் அவருக்குச் சொன்னது போலவே சொன்னார். ரெண்டு ஆறு, ஆறு ரெண்டு, ரெண்டும் பன்னிரண்டு. சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் இருந்ததை அவள் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாலு கழுதை வயசுக்கு மேல் ஒரு மனிதன் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிவந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு கணக்கு" என்றாள். மருந்தின் மயக்கம் அவள் கண்ணில் எப்போதும் கொஞ்சம் நின்றுகொண்டே இருக்கும். அதற்குள்ளிருந்து எதையோ தேடுகிறவள் மாதிரி புருவத்தைச் சுருக்கினாள். "எதுக்கும் அந்த நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவகிட்ட என்ன கேக்கறது? அவ, கேள்வி கேக்காம செய்யின்னா. அளவுக்கு மிஞ்சக் கூடாதுன்னா. மிஞ்சவே இல்லையே. கணக்கு பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்ன."

"நான்தான் சொன்னேன்."

"பின்ன?"

அவள் அவர் கண்ணின் கீழே தொங்குகிற பையைப் பார்த்தாள். சட்டையில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"முட்டையப் போட்டு உடைச்சிட்டீங்களா?"

"கொஞ்சம்."

"குடுங்க" என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்து அவர் கொடுத்தார். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இரண்டு மடக்கில் குடித்தாள். "இன்னிக்காவது தூங்குங்க" என்றாள்.

கடிகாரத்தின் பின்னால் இருந்த சாவியைத் திருப்பி அதன் வாயை அடைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். முகத்தில் எந்தச் சுருக்கமும் இல்லை. நோய் வந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் மூச்சு நிதானமாக, ரொம்ப நிதானமாக வந்தது. இதுதான் தூக்கம் என்று நினைத்தார். அவரும் படுத்தார். கல்லைப் போட்ட மாதிரி தூங்கினார்.

விடிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் நன்றாக ஏறியிருந்தது. தூங்கி எழுந்த உடம்பு லேசாக இருந்தது. திரும்பி அவளைக் கூப்பிட்டார். தோளைத் தொட்டார். முட்டைக் குளிர் அறையில் கை வைத்துப் பழகியவருக்கு அந்தக் குளிர் என்னவென்று தெரிய நேரம் ஆகவில்லை.

எதிர் வீட்டுக்காரர் போன் பண்ண, நர்ஸ் வந்தாள். படி ஏறும்போது திட்டுச் சத்தம் கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாள். மனைவியின் கண்ணைத் திறந்து பார்த்தாள், மூடினாள், போர்வையைச் சரி செய்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அது நர்ஸ்களின் வழக்கம். ஒவ்வொரு முறை வரும்போதும் பாட்டிலில் மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள். "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க பெரியவரே. நேரம் வந்துருச்சு, போயிட்டாங்க. தூக்கத்துலயே போனது நல்லதுன்னு நினைச்சுக்குங்க."

பெரியவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் அவர் காதில் ஏறியது.

"அளவு எப்படித் தப்பும். ரெண்டும் பன்னெண்டுதானே."

"எது ரெண்டும்?"

அவர் சொன்னார். பெருமையில் சொல்லவில்லை. பெருமைக்கு அங்கே இடம் ஏது. கடைசி ராத்திரி மனைவி வலியில்லாமல் தூங்கினாள், அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொன்னார். கட்டிலுக்கடியில் இருந்த காலிப் பெட்டியை இழுத்து, நீளவாக்கில் வைத்துக் காட்டினார். குறுக்கே திருப்பிக் காட்டினார்.

நர்ஸ் பாட்டிலைப் பிடித்த கையை இறக்கவில்லை.

"எப்ப குடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். ஒரு தடவைதான். காலையில குடுக்கறதுக்குள்ள…"

அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே மூடியிருந்த மூடியைத்தான் திருகினாள். பையைத் திறந்து உள்ளே வைத்தாள். அவர் பக்கம் பார்க்காமல் வைத்தாள்.

"கணக்கு சரிதானே?" என்றார் பெரியவர்.

"சரிதான் அய்யா" என்றாள்.

அவ்வளவுதான். சரிதான் அய்யா. வந்த நாளிலிருந்து ஒரு ஜன்னலுக்காக, ஒரு போர்வைக்காக, ஒரு தம்ளர் தண்ணீருக்காகத் திட்டியவள். பெரியவரே என்பதைத் தவிர வேறு வார்த்தையில் கூப்பிடாதவள். நாலு மணி நேரத்தை மாற்றிவிட்டேன் என்று ஒரு மனிதன் சொல்கிறான், அவள் திட்டவில்லை.

வாழ்நாள் முழுக்க எல்லோருடைய வாயிலும் பொய்யைத் தேடியவர் அவர். பெரும்பாலும் இல்லாத இடத்தில்தான் தேடியிருக்கிறார். இப்போது எதிரே, கண்ணுக்கு முன்னால், ஒருத்தி அவர்மேல் இரக்கப்பட்டு ஒரு பொய்யை வைத்திருந்தாள். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஏம்மா" என்றார். "என்னைத் திட்டு."

அவள் பையின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எப்படியும் போற உயிர்தான்யா அது."

"திட்டும்மா."

அவள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெட்டியை வாங்கி, மூடி, ஓரமாக நகர்த்தி வைத்தாள். வண்டிக்குச் சொல்ல வேண்டும் என்று கீழே இறங்கிப் போனாள்.

அப்போதுதான் அவருக்குத் தன் வாயால் தானே சொன்னது ஞாபகம் வந்தது. தட்டு ஒண்ணு. முதுகைக் கேளு, ஒண்ணுன்னு சொல்லுமா? இதே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது. கணக்கு ஒன்றும் தெரியாதபோது அது தெரிந்திருந்தது. எழுந்து மனைவியின் முதுகுப் பக்கம் போய் நின்றார். ஒருக்களித்துப் படுத்திருந்த முதுகு, போர்வைக்குள் ஒரு குழந்தையின் முதுகளவுக்கு வற்றிப்போயிருந்தது. அதன்மேல் கை வைக்கப் போனவர் வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து, ஒரு வாரம் கழித்து பெரியவர் கிடங்குக்கு வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வழக்கம் போல் வந்து நின்றார். முதலாளி தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கோழி கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, டீயைக் கையில் கொடுத்தான். பெரியவர் கோப்பையின் அடியைப் பார்க்காமல் குடித்தார். அதைப் பார்த்தபோதுதான் கோழிக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மத்தியானம் லாரி வந்து நின்றது. கோழி வெளியே வந்து பார்த்தபோது, பெரியவர் அடுக்கு முழுவதையும் பிரித்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியாக மூடியைப் பார்த்து, 2 × 6 எல்லாம் கதவுப் பக்கம், 6 × 2 எல்லாம் உள்சுவர்ப் பக்கம் என்று தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் வேர்வை ஓடியது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"பிரிக்கறேன்."

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுதானே. நீங்கதானே சொன்னீங்க, பெட்டி சொல்லுச்சுன்னு."

"ஒண்ணு இல்ல."

"முதலாளி பாத்தா இன்னிக்கே கணக்க முடிச்சிருவாரு."

"பாக்கட்டும்."

"பன்னெண்டு முட்டைண்ணே ரெண்டுலயும். எண்ணிக் காட்டட்டா?"

பெரியவர் நின்றார். கையில் ஒரு பெட்டி இருந்தது. அதைத் திருப்பவில்லை. எந்தப் பக்கமாகப் பிடித்தாரோ அந்தப் பக்கமாகவே நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"முட்டை பன்னெண்டுதான்டா. அத யாரு இல்லேன்னா" என்றார்.

கோழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அவனும் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தான். மூடியைப் பார்த்தான். 6 × 2. உள்சுவர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். கதவுப் பக்கம் இருந்ததை மட்டும் இருவரும் ஏற்றினார்கள். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து படியில் நின்றபோது, லாரி பாதி காலியாக வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.